வாளி ஏறாத லிஃப்ட்

என் அண்ணிக்கு அவளுடைய கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மூணு நிமிஷம்'. அவள் எடுத்துப் போடும் பாட வீடியோ ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் அவளிடம் வாய் கொடுப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சாப்பாட்டில் உப்பு ஏன் குறைவு என்று கேட்டால், இந்த வீட்டில் குறை சொல்லும் உரிமை யாருக்கு எப்படி வந்தது என்பது வரை போய்த்தான் நிற்பாள். என் அண்ணன் இப்போதெல்லாம் உப்பே இல்லாவிட்டாலும் கமுக்கமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறான்.

வீட்டின் முன்னறையில் நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மத்தியானம் அண்ணிக்கும் வகுப்பில்லை. அந்த நேரத்தில் பார்லர் ஸ்டூடியோவாகிவிடும். மணப்பெண்களின் முகத்துக்காக நான் வாங்கிய வட்ட விளக்கு அவள் முகத்துக்கு நேரே நிற்கும். எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் கொடி கட்டித் துண்டுகளைத் தொங்கவிடுவோம். ஃபேன் சத்தம் போடும் என்பதால் அதுவும் ஓடக்கூடாது. வியர்த்து ஊற்ற ஊற்ற அவள் பேசுவாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே பவுடரும் ஒற்றிவிடுவேன். எனக்குப் புரியாத வீடியோ வெளியே போகாது என்பது ஒப்பந்தம். புரியாவிட்டால் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். என் வாய்க்கும் தொழிலுக்கும் சேர்த்து அவள் என்னை 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் நடத்துவது சமூகவியலும் உளவியலும். வேறெதிலும் இடம் கிடைக்காதவர்கள் வந்து விழும் பாடங்கள் என்று கல்லூரியிலேயே இளக்காரம். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, சமூக நெறி என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்துவிட்டு, "மேடம், இதெல்லாம் எந்த ஊர்ல நடக்குது?" என்று கேட்டிருக்கிறாள். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். அன்றைக்கு அண்ணி நேரே என் பார்லருக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கத்திரி, இத்தனை வருஷமா நான் பாடமே நடத்தல. டிக்டேஷன் குடுத்திருக்கேன்."

முதல் வீடியோவுக்கு என்னையும் அண்ணனையும் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் வரிசையாக நிற்கவைத்தாள். அண்ணன் கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் எங்கள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "எதுக்குங்க நிக்கிறீங்க?" என்று அண்ணி போனை நீட்டினால், "முன்னாடி நிக்கிறாங்களே!" என்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் புதிதாக வந்தவனைப் பார்த்து, "தம்பி, வரிசையில வாப்பா" என்று அதட்டவே செய்தார். ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு என்பார்களே, அதைச் சொல்லிவிட்டு, "நிக்கிறதா இருந்தாலும் கேட்டுட்டு நில்லுங்க" என்று முடித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரீட்சையிலும் எழுதினார்கள்.

அதுவரைக்கும் எல்லாருக்கும் அவள் செல்லம். லிஃப்ட் வீடியோ வந்ததும் கதை மாறியது.

அந்தக் கல்லூரி நாலு மாடிக் கட்டடம். ஒரு லிஃப்ட் உண்டு. அதில் இன்னார் போகலாம், இன்னார் போகக்கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. ஆனாலும் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியில்தான் ஏறுவார்கள். அவர்களில் மூத்தவளை எல்லாரும் வாளியக்கா என்பார்கள். அவளுடைய சம்மதம் வாங்கிக்கொண்டு, படிக்கட்டிலேயே நிறுத்தி அண்ணி கேட்டாள்.

"லிஃப்ட்ல போகக்கூடாதுன்னு யாருக்கா சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன் போறதில்ல?"

"போறதில்ல. அவ்வளவுதான்."

பிறகு ஆசிரியர்களைக் கேட்டாள். "அவங்களுக்குப் படி பழகிடுச்சு" என்றார் ஒருவர். "அவங்களே வேணாம்னுடுவாங்க" என்றார் இன்னொருவர். நாம் கேட்டுப் பார்த்தோமா என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. கடைசியில் அண்ணி என் வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "இந்தச் சட்டத்தை எழுதுனது யாரு? யாருமில்ல. காப்பாத்துறது யாரு? நாம எல்லாரும்." அந்த வாரமே வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. மாணவர்கள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று துப்புரவுப் பெண்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

கல்லூரியை நடத்தும் முதலாளியைத் தாளாளர் என்பார்கள். அவர் அண்ணியை அறைக்கு அழைத்து, கோபப்படாமல் சிரித்த முகமாகவே பேசினாராம். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பது என்பது இதுதான்.

"வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போகலாமாம்மா? அந்த வீடியோவை எடுத்துடுங்க. பாடத்துக்காக அந்தம்மா நடிச்சாங்கன்னு இன்னொரு வீடியோ போட்டுடுங்க. இல்லன்னா உங்க வேலையும் இருக்காது, அந்தம்மா வேலையும் இருக்காது. திங்கட்கிழமை வரைக்கும் யோசிங்க."

வீட்டில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு. எடுத்துடு, விடு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ வேட்டியே கட்டுறதில்ல, பேசாம இரு" என்றேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"என் வேலை போனாப் போகட்டும். அந்தக்காவுக்குப் போச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்? அவங்க எடுக்கச் சொன்னா எடுத்துடுறேன்" என்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

நானும் கூடப் போனேன். வாளியக்காவின் வீடு ஒரே அறை. அடுப்பும் கட்டிலும் அதற்குள்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நடிச்சேன்னு சொல்லணுமா? யாரு, நானா?" என்றாள். வீங்கிக் கிடந்த முழங்காலை எங்களுக்கு நேரே நீட்டினாள். "இது நடிக்குதா டீச்சர்? கிட்ட வந்து நல்லாப் பாருங்க, நடிக்குதா?"

அண்ணி அழுதுவிட்டாள். நானும்தான்.

"அழுறதுக்கா வந்தீங்க? வீடியோ அங்கேயே இருக்கட்டும். இந்த வாளி போனா ஊர்ல வேற வாளியா இல்ல?" என்று எங்களை விரட்டாத குறையாக அனுப்பிவைத்தாள்.

திங்கட்கிழமை அண்ணி சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். போனால், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் புதுப் பலகை. 'ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்களுக்கு மட்டும். துப்புரவுப் பணியாளர்கள் படிகளையே பயன்படுத்த வேண்டும்.' கீழே தாளாளரின் கையெழுத்து, முத்திரை. மாணவர்கள் செய்த கலாட்டாவை அடக்க அவசரத்தில் மாட்டியது. அத்தனை வருடமாக யாரும் எழுதாமல் காப்பாற்றி வந்ததை, கெட்டிக்காரர் தன் கையாலேயே எழுதிவைத்துவிட்டார். அண்ணி வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாளாம். பார்த்தவர்கள் டீச்சருக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள்.

அங்கேயே போனை எடுத்தாள். விளக்கும் இல்லை, பவுடரும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை.

"போன பாடத்துல ஒரு திருத்தம்" என்று தொடங்கினாள். "இந்தச் சட்டத்தை எழுதுனது யாருமில்லைன்னு சொல்லியிருந்தேன். இப்ப எழுதிட்டாங்க. யாரும் எழுதாத சட்டத்தை அழின்னு யார்கிட்ட போய்க் கேக்குறது? காத்துக்கிட்ட சண்டை போட முடியுமா? எழுதிட்டா ஆள் இருக்கு, கையெழுத்து இருக்கு, எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியும்." பிறகு பலகையை முதலிலிருந்து கையெழுத்து வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலத்துக்குள் பலகை காணாமல் போனது. மாட்டியது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை துப்புரவுப் பெண்கள் அத்தனை பேரும் வாளியும் கையுமாக லிஃப்ட்டில் ஏறினார்கள். தடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

அன்றைக்கே தாளாளர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"நாளையிலேருந்து நீங்க வர வேணாம்."

"சரி சார். எழுதிக் குடுங்க."

"எதுக்கும்மா எழுதணும்? வாயால சொன்னாப் போதாதா?"

"போதாது சார். என்ன காரணத்துக்காக நிறுத்துறீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் வந்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவர் பேனாவை எடுத்தாராம். அண்ணியின் கையிலிருந்த போனை ஒரு பார்வை பார்த்தாராம். பேனாவைத் திரும்ப வைத்துவிட்டாராம்.

மறுநாளும் போனாள். கால அட்டவணையில் அவள் பெயரை அடித்திருந்தார்கள், வகுப்பைப் பூட்டியிருந்தார்கள். வராந்தாவில் நின்று பாடம் நடத்தினாள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். இந்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியவில்லை. அண்ணன் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறான், ஆனால் காலையில் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுப்பதும் அவன்தான். எனக்கு என் அண்ணியை நினைத்தால் கர்வமாக இருக்கிறது. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்று காலை மேற்பார்வையாளர் வாளியக்காவிடம் வந்து, நாளைக்கு வர வேண்டாம் என்றாராம். அவள் வாளியைக் கீழேகூட வைக்கவில்லை.

"எழுதிக் குடுங்க சார்" என்றிருக்கிறாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. டீச்சர் படிச்சுச் சொல்லுவாங்க."