மஞ்சள் தடவிய விண்ணப்பம்

பள்ளிக்கூடத்தில் உனக்கு என்ன சந்தோஷம் என்று கேட்டால் நாகம்மாள் பாடத்தைச் சொல்லமாட்டாள். கணக்கும் பூகோளமும் அவளுக்கு நன்றாகவே வரும். ஆனாலும் முதலில் வாயில் வருவது ஆகஸ்ட் பதினைந்துதான். காலை ஏழு மணிக்குக் கொடி ஏறும். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். அதை வாயில் போடாமல் உள்ளங்கை பிசுபிசுக்க வீடு வரைக்கும் கொண்டுபோய், தங்கச்சியோடு கடித்துப் பங்கு போடுவாள். அப்புறம் ஆண்டு விழா. நாடகத்தில் அவளுக்கு எந்த வருஷமும் ஈட்டி பிடித்து நிற்கிற வேஷம்தான், வசனம் கிடையாது. இருந்தாலும் அவள் நிற்கிற மிடுக்கைப் பார்த்தால் சிம்மாசனத்தில் இருக்கிற ராஜாவே கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.

ஏழாம் வகுப்பில் எல்லோரையும் செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலைக்கு அழைத்துப் போனதையும் அவள் விடமாட்டாள். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துத்தான் பல் துலக்குகிறாள். அடிவாரத்தில் ஆடு மேய்த்திருக்கிறாள். உச்சிக்கு ஏறியது பள்ளிக்கூடத்தோடுதான். மேலே நின்று தேடியபோது தன் வீட்டுக் கூரை எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து ஓடு மட்டும் தெரிந்தது. அதை வீட்டில் வந்து சொன்னதற்கு அவள் அம்மா பூவாயி, "ஊடு தெரியாத எடத்துக்கு இன்னாத்துக்கு ஏறின" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

1964இல் நாகம்மாள் பதினோராம் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. என்பார்கள், அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு அதோடு முடியும். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற சாலையில் இரண்டு மைல் தள்ளி அவர்களுடைய காலனி. அங்கே அந்த வகுப்பை எட்டிய முதல் பெண் அவள்தான். அவளுடைய நைனா கலியபெருமாளுக்குச் செஞ்சிக் கடைவீதியில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால், யாரோ வெளியூர் ஆள் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பூவாயி அந்த மல்லாட்டையைப் புஞ்சைக் காட்டில் கூலிக்குப் பறிக்கப் போவாள். இரண்டு பேருக்கும் சொந்த நிலம் கிடையாது, எழுதப் படிக்கவும் தெரியாது.

பொம்பளைப் பிள்ளையை எதற்கு இவ்வளவு படிக்க வைக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கலியபெருமாளிடம் ஒரே பதில்தான். "அது படிக்குது, நான் பாத்துக்கினு இருக்கறேன்" என்பார். ஆனால் வீட்டுக்குள் ஒரு பேச்சு முடிவாகியிருந்தது. பங்குனியில் பரீட்சை. தேறினால் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவது, தேறாவிட்டால் அம்மாவோடு காட்டுக்குப் போவது. இன்னொரு வருஷம் என்பது பேச்சிலேயே இல்லை. பூவாயி அதில் கறாராக இருந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. மகள் படிக்கப் போனதால் ஒரு ஆள் கூலி குறைந்த வீட்டை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசிக் கடைசியில், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், பள்ளிக்கூடத்துக் கிளார்க் அரிகிருஷ்ணன் பரீட்சை விண்ணப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேருக்கு முப்பத்தெட்டுத் தாள். அடித்தல் திருத்தல் கூடாது, கசங்கக் கூடாது, அப்பாவின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கவேண்டும், வெள்ளிக்கிழமை நாலு மணித் தபாலில் கடலூருக்குப் போயாகவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நாகம்மாள் அன்று சாயங்காலமே நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் பூர்த்தி செய்தாள். கைநாட்டு வைக்க மை வேண்டும். அதனால் தாளை நைனாவிடம் கொடுத்தாள்.

"நைனா, இது ரொம்ப முக்கியமான காயிதம். இது இல்லன்னா எனக்குப் பரீட்சையே இல்ல. நாளைக்கு ஸ்கூல்ல மைப் பொட்டி வாங்கியாறேன். அதுவரைக்கும் பத்தரமா வச்சிரு."

கலியபெருமாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் பூஜை. வகுப்புக்கு வகுப்பு காகிதத் தோரணம், பொரி, பொட்டுக்கடலை, சுண்டல். எதையும் படிக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாத நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்திலேயே பாதிப் பேர் பக்தியாக இருந்தார்கள். நாகம்மாள் தொண்டை வறளப் பாடினாள். அவளோடு ஒரே பெஞ்சில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிற செந்தாமரை மட்டும் பாடவில்லை. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஆதிநாராயணனின் மகள் அவள். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து, நாகம்மாள் தன் பங்குப் பொட்டுக்கடலையை அவள் கையில் கொட்டினாள்.

மைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பூஜை முடிந்திருந்தது. வருஷா வருஷம் கலியபெருமாள் ஒரு பலகையில் மூட்டைக் கொக்கியையும், பூவாயியின் களைக்கொத்தையும், அரிவாளையும் கழுவி வைத்துப் படைப்பார். இந்த வருஷம் பலகையின் நடுவில் ஒரு புதுத்துண்டால் எதையோ மூடி, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்.

"உன் காயிதம்தாம்மா" என்றார். "பத்தரமா வைன்னு சொன்னியே. நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம் எடுத்துக்கலாம்."

நாகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கொக்கிக்கும் அரிவாளுக்கும் நடுவில் தன் பேர் எழுதிய தாள் உட்கார்ந்திருப்பது நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கற்பூரம் காட்டிவிட்டுத் துண்டை எடுத்தார்கள். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி, கட்டைவிரல் அகலத்துக்கு. அது போதாதென்று நட்டநடுவே ரூபாய் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கொக்கிக்குக்கூடச் சின்னப் பொட்டுதான்; முக்கியமான காகிதம் என்று மகள் சொன்னதால் இதற்குப் பெரிதாக வைத்திருந்தார். ஈரச் சந்தனம் பேனா மையைக் கரைத்து, பிறந்த தேதி இருந்த இடத்தில் நீலமும் சிவப்பும் கலந்து ஒரு குட்டையாகியிருந்தது.

நாகம்மாள் தாளைப் பறித்தாள். முந்தானையை ஈரப்படுத்தித் துடைத்தாள், இன்னும் பரவியது.

"இன்னா நைனா பண்ணி வச்சிருக்கற? இது கவர்மெண்டுக் காயிதம். ஒண்ணும் தெரியாத ஆளுங்க கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கலியபெருமாள் மஞ்சள் படிந்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பூவாயி போட்ட சோற்றையும் தொடவில்லை. காலையில் நாகம்மாள் எழுந்தபோது அவர் மண்டிக்குப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை அரிகிருஷ்ணன் அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"இது விண்ணப்பமா, இல்ல என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தியா?"

நாகம்மாள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பொறந்த தேதியே போயிருச்சேம்மா. கடலூர்ல ஒரு பார்வை பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவான். வேற தாளும் எங்கிட்ட இல்ல, வந்ததே முப்பத்தெட்டுதான். நாலு மணி வரைக்கும் கட்டைக் கட்டாம வச்சிருக்கறேன். எங்கியாவது ஒரு வெத்துத்தாள் கெடைச்சா கொண்டா. இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நாகம்மாள் வகுப்புக்கு வந்து பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நைனாமேல் இருந்த கோபம் முழுக்க அழுகையாக வந்தது. செந்தாமரை என்ன ஏது என்று கேட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மத்தியான மணி அடித்ததும் எழுந்து போய்விட்டாள். சாப்பிடப் போகிறாள் என்றுதான் நாகம்மாள் நினைத்தாள். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தவள், நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஒரு எழுத்துகூட எழுதாத விண்ணப்பம்.

"இது உன்னுதாச்சே" என்றாள் நாகம்மாள்.

"என்னுதுதான். எங்க அப்பா கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. தையில கல்யாணம், அவலூர்பேட்டையில. கல்யாணமானவளுக்குப் பரீட்சை எதுக்குன்னு சொல்றாரு."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா அழுதிருப்பேன். கிளாஸ்ல எதுக்குன்னு இருந்துட்டேன்."

கெட்டுப்போன தாள் பெஞ்சின்மேல் கிடந்தது. செந்தாமரை அதை எடுத்து, நாலு மூலையையும் நடுவில் இருந்த பொட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க ஊட்லயும் பூஜை போட்டாங்க. கத்தரிக்கோலு, முழக்கோலு, பேனா எல்லாத்துக்கும் பொட்டு வச்சாங்க. என் புஸ்தகத்தையும் வைக்கட்டுமான்னு கேட்டேன். அதான் படிப்பு முடிஞ்சுபோச்சே, எடுத்து உள்ள போடுன்னாரு அப்பா." தாளை நாகம்மாளிடம் கொடுத்தாள். "உங்க நைனா எவ்ளோ பெருசா வச்சிருக்காரு பாரு."

நாகம்மாள் பார்த்தாள். நேற்றிலிருந்து அதைப் பத்து தடவை பார்த்திருப்பாள். பாழான தாளாக மட்டும்தான் பார்த்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், தன் வயிற்றுப்பாட்டுக்கான கொக்கியை ஓரத்தில் தள்ளி, மகளுடைய காகிதத்தை நடுவில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அவரைப் பார்த்து ஒன்றும் தெரியாத ஆள் என்று சொன்ன வாயை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. செந்தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுடைய பரீட்சை போனதால்தான் தன் பரீட்சை பிழைக்கிறது. அதற்கு நன்றி சொல்லவும் கூசியது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அழுதுகினு நிக்காத. மணி ஆவுது, எழுது" என்றாள் செந்தாமரை. நாகம்மாள் எழுத எழுத, ஒவ்வொரு வரிக்கும் அவள்தான் மை ஒற்றும் தாளை வைத்து ஒற்றிக் கொடுத்தாள்.

மூன்றே கால் மணிக்கு விண்ணப்பத்தை ஒரு அட்டையில் வைத்து, மைப்பெட்டியோடு நாகம்மாள் கடைவீதிக்கு ஓடினாள். மண்டியில் கலியபெருமாள் முதுகில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். மகளைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கெட்ட சேதிக்குத் தயாரானவர் மாதிரி நின்றார்.

"நைனா, வேற காயிதம் கெடைச்சிருச்சு. செந்தாமரை குடுத்துச்சு. கைநாட்டு வை, நாலு மணிக்குள்ள போவணும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். மல்லாட்டை மண் ரேகைக்கு ரேகை அப்பியிருந்தது. வேட்டியில் துடைத்தார். தொட்டியில் போய்க் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கை வேணாம்மா. ஒண்ணு கெட்டதே போதும். மொதலாளி உள்ளதான் இருக்காரு. நான் கேக்கறேன், அவரு அழகா கையெழுத்து போட்டுக் குடுப்பாரு."

நாகம்மாள் கிட்டே வந்தாள். அட்டையை மூட்டையின்மேல் வைத்தாள்.

"மொதலாளியா எனக்கு நைனா?"

அவர் நகரவில்லை.

"நேத்து கத்தினது என் தப்பு நைனா. நீ எனக்காகத்தான் படைச்ச, அது எனக்குத்தான் தெரியல. இதுல வேற யாரு கையும் பட வேணாம்."

அவளே அவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு, இடது கையை இழுத்து, கட்டைவிரலைப் பிரித்து மையில் ஒற்றினாள். பத்து பன்னிரண்டு வருஷமாக ஆள் கனத்து மூட்டையை ஏற்றி இறக்கிய கை, ஒரு தாளுக்குமேல் வந்ததும் இறங்காமல் நின்றது. அவள் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"செரியா வுழுந்துச்சா?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"நல்லா வுழுந்திருக்குது நைனா. கண்ணத் தொறந்து பாரு."

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். ரேகை ரேகையாக அவருடைய விரல், மகளுடைய பெயருக்குக் கீழே. மை இன்னும் ஈரமாக இருந்தது. தபாலுக்கு அரைமணி நேரம்தான் பாக்கி. அப்பாவும் மகளும் தலையோடு தலை முட்ட மூட்டையின்மேல் குனிந்து, அது காயும்வரைக்கும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள்.