ஐஸ் கிடங்கு மாடியும் ரொட்டிக்கடைச் சுவரும்

ஸ்விட்ச் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் டக்டக்கென்று தட்டுவார். அப்புறம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார். அதனாலேயே அந்த எலக்ட்ரீஷியனுக்குத் தட்டண்ணன் என்று பெயர் வந்தது. சத்தத்தை வைத்தே எந்த ஒயரில் கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார் என ஊரே நம்பியது. மற்ற எலக்ட்ரீஷியன்களும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எதைக் கேட்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அவரிடம் விசாரிக்கவும் வெட்கம்.

விஷயம் இதுதான். வாட்டசாட்டமான ஆள், முறுக்கு மீசை, கம்பத்தில் ஏறி வேலை செய்ய அஞ்சாத நெஞ்சு. ஆனால் பல்லி என்றால் குலை நடுங்கும். உள்ளே குடியிருப்பவர் மரியாதையாக வெளியேறட்டும் என்றுதான் அந்தத் தட்டல்.

பயத்தின் புண்ணியத்தில் ஊரின் பல்லி நிலவரம் அவருக்கு அத்துப்படி. மருந்துக்கடையின் விளக்குப் பலகைக்குப் பின்னால் இருப்பவை பூச்சி தின்று கொழுத்தவை. தபால் அலுவலகத்தில் ஒல்லிப்பிச்சான்கள், ஆனால் ஓட்டம் அதிகம். நூலகத்துக் கடிகாரத்தின் பின்னால் ஒரே ஒரு கிழடு. ஐஸ் கிடங்கின் மாடியில் மட்டும் மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. அந்தச் சில்லென்ற சுவர் அவற்றுக்கு ஆகாது. அங்கேதான் தட்டண்ணன் அறை எடுத்து, கோடையிலும் போர்வையோடு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தவள் தையல்காரி. அவளுடைய கடையும் பின்பக்க வீடும் ரொட்டிக்கடை அடுப்புச் சுவரை ஒட்டியவை. கதகதப்புக்குக் குறைவில்லை; ஊர்ப் பல்லிகளுக்கு அதுதான் தலைநகரம். அப்படியும் அவளுடைய தையல் மெஷினின் மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று தட்டண்ணன் ஏங்கிக் கிடந்தார். முதல் நாளுக்கு அப்புறம் அங்கே வேலைக்குப் போனபோதெல்லாம் ஒரு பல்லிகூடக் கண்ணில் படவில்லை. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய அக்கா போய்ச் சம்பந்தம் பேசினாள். தையல்காரிக்குச் சம்மதம்தான், ஆனால் கடையை விட்டு வரமாட்டாள். மாப்பிள்ளைதான் அங்கே குடிவர வேண்டும். யோசித்துச் சொல்வதாகத் தட்டண்ணன் சொன்னார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்டா, அவ்வளவு நல்ல பொண்ண வேணாங்கிறதுக்கு நீ என்ன பெரிய ராஜாவா?" என்றாள் அக்கா.

"வேணாம்னு சொல்லலக்கா. வீடு கொஞ்சம் சூடு."

"அப்ப ஐஸ் மேலயே தனியா விறைச்சுக் கெட. எனக்கென்ன!"

சில நாளில் தையல்காரி ஆள் அனுப்பினாள்: கடையில் விளக்கு எரியவில்லை. தட்டண்ணன் போனார். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியைத் தட்டினார், கேட்டார், திறந்தார். உள்ளே இருந்த பிடிவாதக்காரப் பல்லி அவர் சட்டைக் கைமீது விழுந்து, தோளுக்கு ஏறி, சுவருக்குத் தாவியது. தட்டண்ணன் துணி வெட்டும் மேசைமேல் நின்றிருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

தையல்காரி சிரிக்கவில்லை. "இதுக்காகவா பதில் சொல்லாம இழுத்தடிச்சீங்க?"

மானம் போனது போனதுதான். "ஆமா," என்றார். "உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தச் சனியன நெனச்சாலே கால் வரல."

"என்னைப் பிடிக்கலையோன்னு நான் அழுதுட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பெட்டியத் தட்டினதும் பல்லி வெளிய ஓட, நீங்க பின்னால தள்ளிப் போனத மொத நாளே பாத்துட்டேன். அதுக்காகக் கல்யாணத்தையே விடுவீங்கன்னு யாரு கண்டா? அப்புறமெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னாடி வெளக்கமாத்த எடுத்து எல்லாத்தையும் வெரட்டுறது என் வேலை."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கோவம். வெரட்டல."

தட்டண்ணன் மேசையிலிருந்து இறங்கினார். அந்த வாரமே ஐஸ் கிடங்கு அறையைக் காலி செய்தார்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். சுவர் சுத்தமாக இருந்தால் சட்டையைக் கழற்றி மாட்டுவார். பல்லி இருந்தால் வாசலிலேயே நின்று, காலையில் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்.