ஏரிக்கரை இறக்கத்துச் சைக்கிள் பாதை

எனக்கு வாய் அதிகம். பேனா அதைவிட அதிகம். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு. கண்டோன்மென்டில் எங்கள் தெருக்காரர்கள் "டீச்சரம்மா, இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று என்னிடம்தான் வருவார்கள். அந்தத் திமிரில்தான் சைக்கிள் பாதைக்கும் எழுதினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதேதான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். எனக்கு இருபத்தாறு வயது. "சைக்கிள் மிதிக்கிற பொண்ண எவன்டி கட்டுவான்?" என்று அம்மா தினமும் வாசலில் நின்று கேட்பாள். நான் மணியடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன்.

பெரிய சாலையின் ஓரமாகச் சைக்கிள்களுக்கென்று ஒரு கப்பிப் பாதை இருந்தது. ஏரிக்கரை இறக்கத்தில் அது தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. தூறல் விழுந்தால் டயர் நிற்காது. அதனால் எல்லோரும் இறக்கத்தின் தலைப்பிலேயே இறங்கி, கீழே வரை தள்ளிக்கொண்டு நடப்பது வழக்கம். பத்து நிமிஷ நடை.

அந்த நடையில்தான் அவர் எனக்குப் பழக்கம். சர்க்கார் ஆபீஸில் வரைபடம் போடுகிறவர். தலைமுறைகளாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். அவர் நெற்றியில் விபூதி, என் கழுத்தில் சிலுவை. முதல் நாள் நான் சறுக்கியபோது, "ஸ்வல்ப பாத்துங்க" என்றார்; 'கொஞ்சம்' கூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"உங்க ஸ்வல்பத்தை ரோட்டுக்குச் சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு தினமும் பேச்சுதான். அவர் தங்கை கல்யாணம், என் வகுப்பு வாலுகள், ஆபீஸ் காபியின் லட்சணம். மழைக்காலம் முடியக் கூடாதென்று ஜெபம் செய்தவள் நான்.

ஒரு நாள் என் மாணவி ஒருத்தி அங்கே விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மனு எழுதறேன் பாருங்க" என்றேன். "நான் மேப் போட்டுத் தரேன்" என்றார் அவர். மூன்று நாள் மெதுவாக நடந்து நடந்து அதைத் தயாரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. என்ன கேட்கிறோம் என்று இரண்டு மக்குகளுக்கும் உறைக்கவில்லை.

அதிசயமாக வேலை நடந்தது. மேலே நாலு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போவார்கள் என்றிருந்தேன். மேஸ்திரி அப்படிப்பட்ட ஆள் இல்லை. "பழசைக் கொத்தி விட்டாத்தாம்மா புதுசு புடிக்கும்" என்று பாதை முழுவதையும் கொத்த வைத்தார். ஜல்லி போட்டு ரோலர் ஓட்டி, தார் ஊற்றி, அதன்மேல் சொரசொரப்பான பொடி ஜல்லியைத் தூவினார்கள். "இனிமே எந்த மழைக்கும் வழுக்காது. யாரும் இறங்கவே வேணாம்" என்றார் மேஸ்திரி. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

பாதை திறந்த காலையில் அவர் எனக்கு முன்னால் போனார். வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். நானும் குறைத்தேன். பின்னாலிருந்து குமாஸ்தாக்கள் மணியடித்தார்கள். "நம்ம மனு பலிச்சிடுச்சு டீச்சரம்மா!" என்று அவர் கத்திவிட்டுப் போனார். பத்து நிமிஷம் ஒரு நிமிஷமாகிவிட்டது.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு வெட்கத்தை விட்டு, இறக்கத்தின் தலைப்பில் நின்று என் டயரின் காற்றை நானே இறக்கிவிட்டேன். அவர் வந்தார், இறங்கினார். நல்ல மனுஷர், பாவி, பம்ப் கையோடு வைத்திருந்தார்! இரண்டே நிமிஷத்தில் காற்றடித்து முடித்துவிட்டார். ஆனால் பம்பைத் திரும்பச் சைக்கிளில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"பிரேயர் மணி அடிச்சிடுவாங்க, நாளைக்குப் பேசலாம்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன? அம்மாவுக்கும் சபைக்கும் யார் பதில் சொல்வது? ஊருக்கெல்லாம் மனு எழுதியவள் ஒரு கேள்விக்குப் பயந்து ஓடினேன்.

மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாதமே ஷிமோகாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அவர் என்ன கேட்க வந்தார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சம்மதம் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் மிதித்தேன்.