தூக்கிய முழங்கால்

இன்ஜின் ஷெட்டில் கரி அள்ளுகிறவனுக்கு மலாயாவின் கோல்கம்பத்தைக் காக்கிற வேலை எப்படிக் கிடைத்தது என்று 1926-ஆம் வருஷம் ரயில்வே ஆட்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பேட்டையே வாயைப் பிளந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கே அது விளங்கவில்லை. ரயில்வே அணிக்கு ஆறு வருஷமாகப் பந்து பிடித்துக்கொண்டிருந்தான். கரி அள்ளி அள்ளி இரண்டு கையும் அகப்பை மாதிரி விரிந்திருந்தன. பந்து வந்து விழுந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மலாயாவுக்கு வழக்கமாக நிற்கிற வெள்ளைக்காரக் கீப்பர் மலேரியாவில் படுத்துவிட்டார். சயாம் அணியோ அங்கே ரயிலேறிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் துரைமார் ஷெட்டுக்கு ஆளனுப்பினார்கள்.

அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையும் ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டும். மனைவி ஞானம்மா, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். மலாயா அணியில் இன்னொரு தமிழனும் இருந்தான். அதே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த தம்புசாமி. கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிறவன். பதினொரு பேரில் இவர்கள் இரண்டு பேர் தமிழர் என்றால் அன்றைக்கு அது சின்னக் காரியமில்லை.

ஆட்டத்தன்று காலையிலிருந்து மழை. மத்தியானம் விட்டாலும் திடலில் தண்ணீர் வற்றவில்லை. கூரை போட்ட பக்கம் துரைமாரும் துரைசானிமாரும்; எதிர்ப்பக்கம் சேற்றில் நம் ஆட்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். சயாம் பக்கம் இடது ஓரத்தில் ஒல்லியாக ஒருவன் ஓடினான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெயர் பிரசெர்ட். அவன் ஓடினால் தண்ணீரில் கால் படுகிறதா என்றே தெரியவில்லை. தம்புசாமியை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு, மூன்றாவது தடவை நேராக ஸ்டானிஸ்லாஸ் முன்னால் வந்து, அவன் இரண்டு காலுக்கும் நடுவிலேயே பந்தைத் தட்டி கோலாக்கிவிட்டான். திரும்பிப் போகும்போது ஒருமுறை பல் தெரியச் சிரித்தான்.

சேற்றுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏ ஸ்டானி, ஒன் காலுக்கு நடுவுல மெயில் வண்டியே போவும் போலருக்கே!”

திடலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேலி யாருடையது, பிரசெர்ட்டின் சிரிப்பு எதற்கு என்று பிரித்துப் பார்க்க ஸ்டானிஸ்லாஸுக்கு முடியவில்லை. காது மடல் எரிந்தது.

இடைவேளையில் யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ‘அவனை நிறுத்து’ என்று ஒரு துரைகூடச் சொல்லவில்லை. அதைத்தான் பின்னாளில் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். பழி போட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் மலாயா இரண்டு கோல் போட்டது. ஆட்டம் முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது நீளமாக ஒரு பந்து வந்து தண்ணீரில் விழுந்து, உருளாமல் அப்படியே நின்றது. ஒரு பக்கமிருந்து பிரசெர்ட் ஓடி வந்தான். இந்தப் பக்கமிருந்து ஸ்டானிஸ்லாஸ். முதலில் போய்ச் சேர்ந்தவன் ஸ்டானிஸ்லாஸ்தான். பந்தைக் கையில் எடுத்துவிட்டான், நெஞ்சோடும் அணைத்துவிட்டான். பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள நேரம் இருந்தது. திரும்பவில்லை. எதிரே அதே முகம், அதே பல். விழட்டும் என்று நினைத்து முழங்காலைத் தூக்கினான். அந்த நினைப்பு ஒரு கண் இமைப்புக்கு மேல் இருந்திருக்காது. ஆனால் இருந்தது.

வயிற்றில் பட்டது. பிரசெர்ட் சுருண்டு விழுந்தான். நடுவர் விசில் ஊதவில்லை. கீப்பர்கள் எம்பிப் பந்தெடுக்கும்போது முழங்கால் தூக்குவது அந்நாளில் சகஜம். சற்று நேரத்தில் பிரசெர்ட் எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி ஓரமாகப் போய் நின்றுகொண்டான். ஆட்டம் முடிந்தது. மலாயா இரண்டு, சயாம் ஒன்று. கூட்டம் திடலுக்குள் பாய்ந்து ஸ்டானிஸ்லாஸைத் தோளில் தூக்கிக்கொண்டது. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, சயாம் ஆட்கள் இரண்டு பேர் தோள் கொடுத்து ஒருவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போவது தெரிந்தது.

தேநீர் விருந்தில் பிரசெர்ட் இரத்தமாக வாந்தி எடுத்தானாம். மறுநாள் காலை சயாம் அணி ரயிலேறியது. அவன் மட்டும் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டான்.

செய்தி கேட்டதும் ஸ்டானிஸ்லாஸ் ஷெட்டில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனான். பிரசெர்ட் தெற்குச் சயாமில் சொங்க்லா ஊர்க்காரன். அந்தப் பக்கத்தில் மலாய் புழக்கம் உண்டு. இவனுக்கும் சந்தை மலாய் தெரியும். அதனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள முடிந்தது.

“சாக்கிட்டா?” என்று கேட்டான் ஸ்டானிஸ்லாஸ். வலிக்கிறதா என்று கேட்க அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

பிரசெர்ட் ஆமென்று தலையை ஆட்டினான். உதடு வெடித்திருந்தது. வயிறு பலகையாக இறுகிப்போயிருந்தது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. “கடைசிப் பந்து உள்ளே போச்சா?” என்று கேட்டான்.

“இல்லை.”

“அப்படியா.” பிறகு தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சொன்னான்: “குட் கீப்பர்.”

சொல்லிவிடலாம் என்றுதான் ஸ்டானிஸ்லாஸ் போயிருந்தான். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு வாய் எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தான். மறுநாள் போனபோது பிரசெர்ட்டுக்கு நினைவில்லை. அடுத்த நாள் காலை கட்டில் காலியாக இருந்தது.

காற்பந்துச் சங்கத்தார் விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று துரைகள். மொழிபெயர்த்து எழுத, குமாஸ்தா வேலை பார்க்கும் பழனியப்பன் என்கிற கிராணி.

“நான்தான் முழங்காலத் தூக்குனேன்,” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

பழனியப்பன் எழுதினார். துரைகள் படித்துத் தலையசைத்தார்கள்.

“என்ன எழுதினீங்க அண்ணே?”

“தற்காப்புக்காகத் தூக்கினேன்னு.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“பின்ன எதுக்குத் தூக்குவே? கீப்பர்னா தூக்கத்தான் செய்வான். வம்பை வெலைக்கு வாங்காதப்பா, துரை எந்திரிச்சிட்டாரு பாரு.”

தம்புசாமியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் திரும்பி நின்றிருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் அவன் சொன்னான். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். “அந்த ஆள் சாகணும்னு நெனச்சியா?” என்று சாமியார் கேட்டார். “இல்ல சாமி. விழணும்னு நெனச்சேன்.” ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னான். மனசுப் பாரம் இறங்கவில்லை.

இந்த வெயிலில் உடல் எத்தனை நாள் தாங்கும்? சொங்க்லாவுக்குத் தந்தி போய், பிரசெர்ட்டின் அண்ணன் புறப்படுவதற்குள் இங்கே எரித்துவிட வேண்டியதாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் சிங்களக் கோயிலிலிருந்து இரண்டு பிக்குகள் வந்து ஓதினார்கள். சாம்பலைக் கார்டு வண்டியில் போட்டு எல்லைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஸ்டானிஸ்லாஸ் நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், தன் ரயில்வே பாஸில் தானே கொண்டுபோவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

“அதை எதுக்கு நீங்க தூக்கிட்டுப் போறீங்க?” என்றாள் ஞானம்மா. அப்போதுதான் அவளிடம் சொன்னான். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “வேணும்னு செய்யற ஆளா நீங்க? எனக்குத் தெரியாதா? சும்மா ஒழப்பிக்காதீங்க,” என்று முடித்துவிட்டாள்.

வெள்ளைத் துணி கட்டிய மண்பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டி மாறி வண்டி ஏறினான். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், தமிழர்தான், பானையைப் பார்த்து, “ஊறுகாயா தம்பி?” என்றார். “ஆமாங்க,” என்றான்.

செங்ஙாஜா. வேண்டுமென்றே என்பதற்கு மலாயில் அதுதான் சொல். வழி நெடுக அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

மறுநாள் மத்தியானம் எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் இறங்கினான். பிளாட்பாரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனும், வெற்றிலைக் கறை படிந்த வாயோடு ஒரு வயதான பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணனும் தாயும். பானையைக் கொடுத்தான். தாய் அதை வாங்கி, குழந்தையை வாங்குகிறமாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அழவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணனைப் பார்த்து மலாயில் சொன்னான்: “நான்தான் கீப்பர். முழங்காலால் இடித்தது நான். செங்ஙாஜா.”

அண்ணன் அவனையே பார்த்தான். அடிப்பான் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. தாய் ஏதோ கேட்டாள். அண்ணன் அவளுக்குச் சயாம் மொழியில் பதில் சொன்னான். அவள் இரண்டடி முன்னால் வந்து, ஒரு கையைப் பானையிலிருந்து எடுத்து, ஸ்டானிஸ்லாஸ் தலையில் வைத்தாள்.

“அவங்களிடம் என்ன சொன்னீங்க?” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

“என் தம்பியின் சிநேகிதன் என்று சொன்னேன். இத்தனை தூரம் தூக்கி வந்திருக்கிறாய் என்று சொன்னேன்.” அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “நீ சொன்னதை நான் நம்புகிறேன். என்னோடு இருக்கட்டும். அவளுக்கு வேண்டாம். நீ போ. இனி எங்கள் முகத்தில் விழிக்காதே.”

தாய் மகனைப் பார்த்துச் சிரிக்க முயன்று, மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஸ்டானிஸ்லாஸ் கையில் திணித்தாள். வழிக்குக் கொண்டுவந்த பசைச்சோறு. திரும்பும் வண்டியில் அதைப் பிரித்து, கடைசிப் பருக்கை வரை தின்றான். எறிவதற்கு அவனுக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

அடுத்த வருஷம் சயாமில் மறு ஆட்டம் என்று சங்கத்துத் துரை கூப்பிட்டனுப்பினார். வரமாட்டேன் என்றான். காரணம் கேட்டார். விசாரணையில் தன் வாக்குமூலமாக எழுதியது பொய் என்றான். கூலிக்காரனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ரயில்வே அணியிலும் ஆட மறுத்தான். ஆடாதவனுக்கு ஷெட்டில் என்ன சலுகை? மூன்று மாதத்தில் கிள்ளான் சரக்கு யார்டுக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும் வீடு.

கிள்ளானிலும் அவன் பெயர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. “மலாயாவையே காப்பாத்துன ஆளு” என்று சாப்பாட்டு நேரத்தில் புது ஆட்களுக்குக் காட்டுவார்கள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், “காப்பாத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேணும்னே முட்டுனேன். செத்துட்டான்,” என்றான்.

அய்யாவு என்கிற மூட்டைக்காரன் தொடையில் தட்டிக்கொண்டு, “அப்படிப் போடு! அப்படித்தான்லா இருக்கணும் கீப்பர்னா!” என்று கத்தினான். எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டானிஸ்லாஸ் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1938-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்புசாமி தேடிக்கொண்டு வந்தான். நெஞ்சு நோய். கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே துருத்தியது. ஞானம்மா கோப்பி கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். தம்புசாமி கோப்பியைத் தொடவில்லை.

“ஸ்டானி, நான் அன்னிக்குத் திரும்பி நிக்கல.”

ஸ்டானிஸ்லாஸ் நிமிர்ந்தான்.

“மூணு முழத் தூரத்துல நின்னேன். பந்து ஒன் கையில இருந்திச்சு. ஒன் மொகத்தையும் பாத்தேன், காலத் தூக்குனதையும் பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“பதினோரு பேருல நாம ரெண்டே பேரு. நான் வாயத் தொறந்திருந்தா, அதுக்கப்பறம் நம்ம ஆள ஒருத்தனையாவது சேத்திருப்பானுங்களா? ஒன்னையும் காப்பாத்துனதா நெனச்சேன்.”

“நான் போற எடமெல்லாம் சொன்னேன் தம்பு. நம்மாளுங்கள்ல ஒருத்தன் நம்பல. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நான் வேணும்னு தூக்கலியோ, சும்மா கனவோன்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“மன்னிச்சிரு,” என்றான் தம்புசாமி.

“அத எங்கிட்ட ஏன் கேக்குற?”

ஸ்டேஷன் வரைக்கும் ஸ்டானிஸ்லாஸ் கூட நடந்து போனான். நோயாளியைத் தனியாக விட மனசில்லை. வண்டி வந்தது. தம்புசாமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றான், வண்டி நகர்ந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் தம்புசாமி இறந்துபோன செய்தி வந்தது.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து அவன் திரும்பியபோது ஞானம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷமும் சொன்ன மாதிரி, நீங்க அப்படிச் செய்யற ஆளில்ல என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

“அந்தப் பையன் பேரு என்னங்க?”

பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

“பிரசெர்ட்.”

அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. அவன் மெதுவாகத் திருத்திச் சொன்னான். மறுபடி சொன்னாள். பிறகு எழுந்து, அவன் தோளையும் தொடாமல், முகத்தையும் பார்க்காமல், விளக்கேற்ற உள்ளே போனாள்.