எண்பத்தெட்டு யார் கையில் இருந்தது

சேலையூர் பல் மருத்துவமனையில், பின்னறையில் உட்கார்ந்து ஒரு பெரியவரின் பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நம் குழுவின் முரளியிடமிருந்து அழைப்பு வந்தது. "நித்யா, ஜெபா அண்ணா போய்ட்டாருமா. காலைல வாக்கிங் போய்ட்டு வந்தவரு வூட்டு வாசல்லயே சாஞ்சிட்டாராம். ஹார்ட் அட்டாக்." இயந்திரத்தை நிறுத்தினேன். அழுகை வரவில்லை. "அடக்கம் எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

அவரோடு விளையாடிய நீங்கள் எல்லோரும் நம் குழுப் பக்கத்தில் அஞ்சலி எழுதிவிட்டீர்கள். பெரிய மனசுக்காரர், யாரையும் நோகப் பேசாதவர் என்று. என்னையும் எழுதச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஜெபராஜைத்தான் என்னால் எழுத முடியும். அவர் என்னை நோகப் பேசினார். வாராவாரம் பேசினார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் வீடு, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இணையத்தில் டாங்கிச் சண்டை விளையாடும் எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். அதில் நான் ஒருத்திதான் பெண். நான் ஓட்டியது டைகர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த கனமான டாங்கி. அதன் எண்பத்தெட்டு மில்லிமீட்டர் பீரங்கியையும் அந்த டாங்கியையும் நாங்கள் 'எண்பத்தெட்டு' என்றே சொல்வோம். விளையாட்டில் அதன் குண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் பாயும். வெகுதூரத்திலிருந்தே எதிரியின் இரும்புத் தகட்டைத் துளைத்துவிடும். ஆனால் பீரங்கி பொருத்திய டாங்கியின் தலை ஆமை மாதிரி மெதுவாகத்தான் திரும்பும். எவனாவது பக்கவாட்டில் வந்து நின்றுவிட்டால் நம் கதை முடிந்தது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று தெரியாதவர்களுக்கு அந்தப் பீரங்கியால் ஒரு பயனும் இல்லை.

ஜெபராஜ் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. என் கையால் முதன்முதலாக ஒரு பெரிய ஆட்டம் ஜெயித்த அன்று, எல்லோரும் மைக்கில் கத்திக்கொண்டிருந்தபோது அவர் குரல் நிதானமாக வந்தது. "ரொம்ப ஆடாதம்மா. ஜெயிச்சது நீ இல்ல, அந்த எண்பத்தெட்டு கன்னு." எல்லோரும் சிரித்தார்கள். உங்களில் சிலரும் சிரித்தீர்கள். அதன்பின் நான் எதை வீழ்த்தினாலும் அதே வாக்கியம்தான். குறி தவறினால் மட்டும் தவறு என்னுடையது.

ஏன் விலகவில்லை என்று கேட்கலாம். எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. எங்கள் வட்டாரத்தில் அதை ஒழுங்காக விளையாடிய குழு வேறு இல்லை.

பிறகு குரோம்பேட்டையில் ஒரு கலையரங்கில் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். நான் நாற்காலியில் உட்காரப் போனபோது ஜெபராஜ் என் தோளைத் தட்டினார். "இத நான் பாத்துக்கறேன். எண்பத்தெட்ட யார் வேணா ஓட்டலாம். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு." மேடைக்குக் கீழே நின்று பார்த்தேன். ஆட்டம் தொடங்கியதுமே நேராக ஊருக்குள் நுழைந்தார். குறுகிய தெருவில் தலையைத் திருப்ப முடியாமல் தவித்தார். இரண்டு சிறிய டாங்கிகள் பின்னால் வந்து எரித்துவிட்டுப் போயின. ஒரு குண்டுகூட எதிரியின் மேல் படவில்லை. இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கேம் கம்பெனிக்காரன் அப்டேட்ல கன்னோட பவர கொறச்சுட்டான்." முரளி என் காதருகே முணுமுணுத்தான்: "இன்னாமா இது, பேஜாரா கீது. ரெண்டு நாளு முன்ன நீ அடிக்கசொல்ல பவர் இருந்துச்சே!"

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்து நடந்தது.

ஒரு ஞாயிறு பிற்பகல் ஆட்டம். ஜெபராஜ் அன்று வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், இடிந்த மாவு மில்லின் சுவருக்குப் பின்னால் எதிரியின் கடைசி டாங்கி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஓர் இடத்தில் மட்டும் சிறு பிளவு. டாங்கி அந்தப் பிளவைக் கடக்கும் நொடியைக் கணித்து, அது வருவதற்கு முன்பே வெறும் வெளியைப் பார்த்துச் சுட்டேன். குண்டும் டாங்கியும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தன. என் வாழ்நாளில் இன்னொரு முறை என்னால் அப்படிச் சுட முடியாது.

எங்கள் ஆட்டங்களின் பதிவுகள் குழுக் கணக்கில் சேரும். கணக்கு அவர் கையில். சில வாரம் கழித்து அவருடைய வீடியோ சேனலில் அந்தக் காட்சி வந்தது, அவர் குரலோடு: "இந்த ஷாட்ட நான் எப்படி அடிச்சேன்னா..."

போனில் கேட்டேன். "அண்ணா, அது நான் அடிச்சது."

"டீம் ஷாட்டுமா அது. ஒரே டீம்ல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?"

"அப்போ 'நாங்க'ன்னு சொல்லியிருக்கலாமே. 'நான்'னு ஏன் சொன்னீங்க?"

இணைப்பைத் துண்டித்தார். அன்றே குழுவிலிருந்து விலகினேன். அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அடக்கம் முடிந்த சில நாளில் அவர் வீட்டில் ஜெபக் கூட்டம். முரளி வற்புறுத்தி அழைத்துப் போனான். கூடத்துத் தொலைக்காட்சியில் நம் ஆட்கள் அந்தக் காணொளியைப் போட்டார்கள். "அண்ணனோட பெஸ்ட் ஷாட்" என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்துவிட்டேன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"அது நீ அடிச்சதுதானேம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை கேளம்பாக்கத்துல எங்க அக்கா பொண்ணு நிச்சயதார்த்தம். சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். வீடியோ வந்ததும் கேட்டேன். 'ஆபீஸ்ல நான் செய்யற வேலைக்கு வருஷக்கணக்கா வேற ஒருத்தன் பேர் வாங்கறான். ஒரே ஒரு வீடியோல என் பேர் இருந்தா என்ன கொறஞ்சுடும்'னார்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா வீட்ல சொல்லுவாரும்மா. அந்தப் பொண்ணு மாதிரி எண்பத்தெட்ட யாராலயும் ஓட்ட முடியாதுன்னு."

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. தெரியாமல் மட்டம் தட்டியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் தெரிந்தே செய்திருக்கிறார்.

"அவர் போன் என்கிட்டதான் இருக்கு. வீடியோவ எடுத்துடவா?" என்றார் அக்கா.

"வேணாம்க்கா. அடிச்சது யாருன்னு கீழ போட்டுடுங்க, போதும்."

அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்க, நின்றபடியே என் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினார். செத்த மனிதரின் காணொளியில் கைவைத்தது யார் என்று சிலர் கோபமாகக் கேட்டிருந்தீர்கள். கைவைத்தவர் அவர் மனைவி. பெயரைப் போடச் சொன்னது நான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுண்டு. குழுவில் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது: "சுட்ட எடத்துல நிக்காத. பட்டுச்சா இல்லையான்னு பாக்காத. உடனே பின்னாடி வா." இன்றுவரை என்னைக் காப்பாற்றுவது அதுதான். நான் இப்போது விளையாடும் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்லித் தருகிறேன். யார் சொன்னது என்று கேட்டால், ஜெபராஜ் என்று பெயர் சொல்கிறேன்.