ஓரத்துக்கு ஓடிய குதிரைகள்

துணி மில் ஒன்றில் சம்பளக் கணக்குக்குக் கணினி பார்க்கிறவர் அவர். மிச்ச நேரமெல்லாம் தானாகவே சதுரங்கம் ஆடும் ஒரு புரோகிராமை எழுதினார். அதன் மேல் தன் பெயர் வந்தால் போதும், வேறு ஆசை கிடையாது. அதைத்தான் மனைவியின் தம்பி, "சும்மா பாத்துட்டுத் தரேன் அத்தான்" என்று வாங்கிப்போய், தன் பெயரில் கணினிச் சதுரங்கப் போட்டியில் இறக்கிவிட்டான். யாரோ பெற்ற பிள்ளைக்கு இவன் இனிஷியல்!

அது ஜெயித்துக்கொண்டே போனது. "என் பிள்ளை மூளையே மூளை" என்று மாமியார் பூரித்தபோது இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம்தான் பிழை கண்ணில் பட்டது. கணினிக்குள் அறுபத்துநாலு கட்டங்களையும் ஒரே வரிசையாக நீட்டி வைத்திருந்தார். வலது ஓரம் முடிந்ததும் அடுத்த வரியின் இடது ஓரம் ஒட்டிக்கொண்டு வரும். குதிரையை நகர்த்தும்போது ஓரத்தைத் தாண்டாதே என்று தடை போட்டவர், காய் போக எத்தனை கட்டம் இருக்கிறதென்று எண்ணி மதிப்பெண் போடுமிடத்தில் அந்தத் தடையை மறந்துவிட்டார். ஓரத்தில் முடங்கிய குதிரையும் நடுவில் நிற்பதைப் போலவே புரோகிராமுக்குச் சுதந்திரமாகத் தெரிந்தது. சோப்ளாங்கிகளிடம் இது செல்லும், கெட்டிக்காரனிடம் செல்லுமா? தன் பிரதியில் திருத்திவிட்டு மனைவியிடம் சொன்னார்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"அவன் எழுதினதுதானே? அவனே கண்டுபிடிக்கட்டும்."

இறுதி ஆட்டத்தை இருவரும் வீட்டிலிருந்தே டிவியில் பார்த்தார்கள். இரண்டு குதிரைகளும் ஓரத்துக்கு ஓடி நின்றுகொண்டன. நடுவில் ராஜா அநாதை. தோற்றது. சொல்ல வெட்கம்தான், அவருக்கு இனித்தது.

அரங்கில் நிருபர் மச்சினனிடம் மைக்கை நீட்டினார். "குதிரைங்க ஏன் சார் ஓரத்துலயே நின்னுச்சு?"

மச்சினன் கொஞ்சமும் கூசவில்லை. "அதை நான் எழுதல. எங்க அத்தான் எழுதிக் குடுத்தது. பெரியவராச்சேன்னு நம்பிட்டேன்." அத்தானின் முழுப்பெயரையும் சொன்னான், மில்லின் பெயரோடு சேர்த்து.

மறுநாள் அலுவலகமே சிரித்தது. "என்ன சார், உங்க குதிரைக்குக் கண்ணு தெரியாதாமே?" என்றார் மேலாளர்.

அதை எப்போதோ திருத்திவிட்டேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்களே! முந்தின நாள் மனைவி அதைத்தான் கேட்டாள்.

"ஆமா சார்," என்றார். "அது நான் எழுதினதுதான்."