அடுப்படித் துருக்கி

துருக்கிக் கடைக்குப் போவோம் என்று சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பழியைத் தூக்கி வேறு யார் தலையிலாவது போடும் எண்ணம் எனக்கு வந்துவிடக் கூடாது.

சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஓய்வு என்றால், சோதனைச் சாவடிகள் நின்ற இடத்திலேயே நின்றன, அங்கே நின்றவர்கள் மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதையை நம்பித் திருகோணமலையில் புதிது புதிதாகக் கடைகள் முளைத்தன. துறைமுகப் பக்கத்து வீதியில் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் 'துருக்கி உணவகம்' என்று சிவப்புப் பலகை போட்டுத் திறந்திருந்தார். சவூதியில் துருக்கிக்காரர்கள் நடத்திய சாப்பாட்டுக் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை நானா என்று கூப்பிடுவோம். துருக்கி மொழி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று அவர் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம். மறுத்துச் சொல்ல ஊரில் யாருக்குத் துருக்கி தெரியும்?

நாங்கள் மூன்று பேர். நான், கணித வாத்தியார் ஒருவர், அரசாங்க அலுவலகத்தில் படவரைஞனாக இருந்த என் நண்பன். நண்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. விருந்து அவனுடையது, இடம் என்னுடைய தெரிவு. பலகையின் கீழே சைக்கிளை நிறுத்தியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நண்பனின் தம்பி ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவன். கடைசியாக அவன் வீட்டுக்குப் பேசியது துருக்கியிலிருந்து. அதற்குப் பிறகு ஏழு மாதம், ஒரு தகவலும் இல்லை. இவ்வளவும் தெரிந்த நான், புதுக் கடை ஆசையில் நண்பனைக் கொண்டுவந்து அந்தப் பலகைக்குக் கீழேயே நிறுத்தியிருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வேறு கடைக்குப் போவோமா என்று கேட்டேன். வேண்டாம், இங்கேயே சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு அவன் எங்களுக்கு முன்னால் உள்ளே நடந்தான்.

முதலில் சூப் வந்தது. கரண்டியால் கிண்டிப் பார்த்த வாத்தியார், இது நம்முடைய பருப்புத்தான், கடல் கடந்து போய்ப் பேரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். பிறகு தட்டையான கம்பியில் அப்பிச் சுட்ட ஆட்டிறைச்சி, மெல்லிய ரொட்டி, பச்சை வெங்காயம். வெங்காயத்தில் தூவும் துருக்கிப் புளித்தூள் இங்கே கிடைக்காதாம். அதற்குப் பதிலாக நானா கொறுக்காய்ப் புளியை இடித்துத் தூவியிருந்தார். எது எப்படியோ, இறைச்சி நன்றாக இருந்தது. வாத்தியார் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். நண்பன் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் பீங்கானில் போட்டுக்கொண்டிருந்தான்.

நானா எங்கள் மேசைக்கு வந்து சாப்பாடு எப்படி என்று விசாரித்தபோது, நண்பன் பேர்ஸிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தான். அதில் ஒரு டெலிபோன் இலக்கம் இருந்தது.

"எனக்காக ஒருக்கா இதுக்கு எடுத்துக் கதைப்பீங்களோ நானா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனை நான் கூட்டிக்கொண்டு வரவில்லை. கடையின் பேரை நான் சொன்ன நாளிலிருந்தே அவன் இதற்குத்தான் காத்திருந்திருக்கிறான்.

அந்த இலக்கம் தம்பி தங்கியிருந்த வீட்டுக்காரியுடையது. அவசரம் என்றால் இதற்கு எடுங்கள், அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுவிடுவா என்று கடைசித் தடவை பேசியபோது சொல்லியிருந்தான். நண்பன் வீட்டார் எத்தனையோ முறை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் எடுப்பாளாம், தன் மொழியில் எதையோ சொல்வாளாம், இவர்கள் விழிப்பார்களாம். ஏஜென்சிக்காரன் எப்போதோ இடத்தை மாற்றி இலக்கத்தை மாற்றிப் போய்விட்டான். களவாகப் போன பிள்ளையைப் பற்றி எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது?

நானா காகிதத்தை எடுத்து இலக்கத்தைப் பார்த்தார். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடை நிறைய ஆட்கள், எல்லோரும் அவருடைய துருக்கிப் புகழைக் கேட்டவர்கள். ஏப்ரனைக் கழற்றிவிட்டு எங்களோடு புறப்பட்டார்.

இரண்டு கடை தள்ளி ஒரு கொமினிகேஷன் இருந்தது. வெளிநாட்டுக்கு எடுப்பதற்கென்று கண்ணாடிக் கூண்டு ஒன்று வைத்திருந்தார்கள். வாத்தியார் வெளியில் நிற்க, நாங்கள் மூவரும் அதற்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண். நானா சலாம் சொன்னார், இலங்கை என்றார், தம்பியின் பேரைச் சொன்னார். பிறகு அவள் பேசத் தொடங்கினாள்.

எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியாது. நடுவில் தம்பியின் பேர் வந்தது. பிறகும் வந்தது. நான் எண்ணினேன், ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் நண்பனின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. அவளுக்கு அவனைத் தெரியும், அவனுக்கு என்ன நடந்தது என்றும் தெரியும், அத்தனையையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது மட்டும் எனக்கு விளங்கியது. நானா அரபியில் ஏதோ கேட்டுப் பார்த்தார், அவளுக்குப் பிடிபடவில்லை. காது மந்தமானவர்களோடு பேசுவதுபோல அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரத்து, திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். நானாவின் நெற்றியில் வியர்வை ஓடியது.

கடைசியாக அவள் ஒரு கேள்வி கேட்டாள். குரல் ஏறியதில் அது கேள்வி என்று தெரிந்தது. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் டெலிபோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதே கேள்வியை அவள் இன்னொரு தரம் கேட்டாள், இந்த முறை மெதுவாக. பிறகு வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்டும் வெளங்கல்ல தம்பி," என்றார் நானா. "இறைச்சி, உப்பு, வெங்காயம், கெதியாக் கொண்டா. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் படிச்சது அடுப்படித் துருக்கி."

அவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது திட்ட மனம் வரவில்லை. உடனேயே திரும்ப எடுத்தோம், மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அந்த இலக்கத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

அவள் பேசிய அன்று மாலை, வீட்டுக்குப் போகத் தனக்குத் துணை வேண்டும் என்றான் நண்பன். நானாவைக் கொண்டு கதைக்க வைக்கப் போவதைக் காலையிலேயே தாயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். தாய் படலையடியில் நின்றுகொண்டிருந்தார். தம்பி சுகமாக இருக்கிறானாம், வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டானாம் என்று நண்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பெற்ற பிள்ளையின் முகத்தை அவருக்குத் தெரியாதா? அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் நிண்டனீங்களோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அந்த மனுசி என்ன மாதிரிக் கதைச்சவ? அழுதவவோ?"

"இல்லை அம்மா. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சவ."

ஏன் அப்படிச் சொன்னேன்? அழவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம், அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஒரு தாயின் முகத்தைக் கொஞ்சம் தெளிய வைக்க வேண்டும் என்ற அவசரம். முகம் தெளிந்தது. அன்று எங்கள் இருவருக்கும் அவர் புட்டு அவித்துப் போட்டார். கண்ணாடிக் கூண்டில் யாரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்தும் நண்பன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் சண்டை திரும்பவும் தொடங்கியது. அவர்களுடைய தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நண்பனின் மனைவியும் பிள்ளையும் மன்னாருக்குப் போய், இந்தியாவுக்குப் படகேறக் காத்திருந்தார்கள். அவன் தாயையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். தாய் அசைய மறுத்தார். நீ சொன்னால் அம்மா கேட்பா என்று என்னைக் கூப்பிட்டான். போனேன். டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஊர் நிலவரம், துறைமுகத்துக்கு விழும் குண்டு, பேரப்பிள்ளையின் பேர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நாங்கள் போன பிறகு அவன் எடுத்தால் ஆர் தூக்கிறது? அவனுக்கு ஏதும் நடந்திருந்தால் வேறை கதை. நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், அந்த மனுசி சிரிச்சவ எண்டு."

சிரிக்கவில்லை அம்மா. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அவர் எழுந்துவிடக்கூடும். எழாமலே போய்விடவும் கூடும். நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அதை அவிழ்த்து, தாயின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பவும் அலுமாரியில் அடுக்கத் தொடங்கினான்.